செய்மதிப் படமும் நம்ம மலையின் உயரமும்

(தோட்டக் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளை மடுவத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வருகிறோம். வானத்தில் சுற்றுகிற செய்மதி எடுக்கும் படத்தையும், நிலத்தின் உயரக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து, மேடு பள்ளம் தெரிகிற மாதிரி கணினியில் ஒரு ஊரையே கட்டி எழுப்புகிறார்கள். முப்பரிமாணப் படம் என்று பெயர். சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு முழு நகரத்தையும் இப்படிக் கணினிக்குள் கொண்டுவரும் வேலையை ஆரம்பித்தார்கள். எந்தக் கட்டடம் எவ்வளவு உயரம், எதன் நிழல் எங்கே விழும், எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் படும் என்றெல்லாம் அதில் பார்க்கலாம்.

"அது பெரிய பட்டணத்து விவகாரம், நமக்கு என்னத்துக்கு?" என்று பின்வரிசையில் ஒரு தாத்தா கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்க, பட்டணத்துக்காரனுக்கு அந்தப் படம் வசதிக்கு. நமக்கு அது வேறு விதம். நம்ம லயத்துக்கு மேலே இருக்கும் மலை எப்படிப்பட்டது, ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்போகும் வீட்டை எந்த இடத்தில் கட்டலாம், எந்த இடத்தில் கட்டவே கூடாது என்று சொல்லும் வரைபடங்களுக்கு அடித்தளம் இதே உயரக் கணக்கும் இதே மேலிருந்து எடுக்கும் படமும்தான்.

உயரம் என்பது நமக்குப் புதுசு இல்லை. நம்ம தேயிலைக்கு விலை வைப்பதே உயரத்தைப் பார்த்துத்தானே! 2,000 அடிக்குக் கீழே விளைந்தால் தாழ்நிலத் தேயிலை, 2,000இலிருந்து 4,000 வரை நடுத்தரம், 4,000 அடிக்கு மேலே போனால் உயர்நிலத் தேயிலை. ரயில் ஸ்டேஷன் பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர், பீதுருதாலகால மலை உச்சி 2,524 மீற்றர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும்.

ஆனால் ஒரு இடத்தின் உயரம் மட்டும் தெரிந்து பெரிய பிரயோசனம் இல்லை. இந்த இடம் எவ்வளவு உயரம், பக்கத்தில் நூறு அடி தள்ளி எவ்வளவு உயரம் என்று இரண்டும் தெரிந்தால்தான் சரிவு தெரியும். மட்டமாக அளந்தால் நூறு அடி தூரம். அதற்குள் மலை அறுபது அடி ஏறுகிறது என்றால் அது ஏறத்தாழ 31 பாகைச் சரிவு. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த மலையில் ஏறுகிற அக்காமாருக்கு இதைப் பாகையில் சொல்லத் தேவையில்லை, முழங்கால் சொல்லும். கணினிக்கு முழங்கால் இல்லையே! அதற்கு எண்ணாகத்தான் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம்ம நாட்டு நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கியது. தேயிலை இந்த மலைக்கு வருவதற்கு முன்பே, ஏன், நம்ம பாட்டன் பூட்டன் மண்டபத்துக் கரையில் கப்பலேறுவதற்கு முன்பே ஏற்பட்ட திணைக்களம் அது. ஆட்கள் காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து, கோணம் பார்த்து அளந்தார்கள். 1956இல் நாடு முழுவதையும் விமானத்திலிருந்து படம் எடுத்தார்கள். ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதற்கென்று உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலை மேலெழும்பித் தெரியும். காரணம் சின்ன விஷயம்தான். நமக்கு இரண்டு கண் இருப்பதால்தான் தூரம் தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்க, விளங்கும்.

இப்படிப் பார்த்து ஒரே உயரமுள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்தார்கள். அதுதான் சமவுயரக் கோடு. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இடவிளக்கப் படத்தில் பழுப்பு நிறத்தில் பார்த்திருக்கும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் மட்டம். நாடு முழுவதும் 1:50,000 அளவில் 92 தாள்களாக அந்தப் படங்கள் இருக்கின்றன. ஒரு மலையில் மட்டம் பிடித்து வெட்டிய கான்கள் எப்படி வளைந்து வளைந்து போகின்றன? அந்தக் கான்களை மட்டும் காகிதத்தில் வரைந்தால் சமவுயரக் கோடு மாதிரித்தான் இருக்கும். தண்ணி மெதுவாக ஓட வேண்டும் என்று கானுக்குச் சின்னச் சரிவு கொடுத்திருப்பார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

பிறகு வந்தது விண்வெளிக் காலம். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவின் என்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றியது. அதன் வயிற்றில் ஒரு றேடார் வாங்கி. அதிலிருந்து 60 மீற்றர் நீளமான கம்பம் ஒன்றை வெளியே நீட்டி, அதன் நுனியில் இன்னொரு வாங்கி. இரண்டு கண் என்று சொன்னோமே, அதே வேலைதான். பூமியின் நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கின் உயரத்தை அந்தப் பதினொரு நாளில் அளந்துவிட்டார்கள். அதற்குள் நம்ம ஹற்றனும் இருக்கிறது, பொகவந்தலாவையும் இருக்கிறது, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மேடும் இருக்கிறது. அந்தக் கணக்கை இன்று யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2005 மே 5ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 என்ற செய்மதியை அனுப்பினார்கள். அதில் இரண்டு கமெரா. ஒன்று முன்பக்கம் 26 பாகை சாய்ந்து பார்க்கும், மற்றது பின்பக்கம் 5 பாகை சாய்ந்து பார்க்கும். செய்மதி ஓடுகிற ஓட்டத்தில் ஒரே இடத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு கோணத்தில் பிடித்துவிடும். 600 கிலோமீற்றருக்கு மேலே இருந்துகொண்டு, இரண்டரை மீற்றர் அகலமுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும் படம். விமானமும் கண்ணாடியும் செய்த வேலையை ஒரு செய்மதி தனியாகச் செய்தது.

சரி, உயரம் கிடைத்தது. ஆனால் உயரம் மட்டும் உள்ள படத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மண் பொம்மை மாதிரி இருக்கும். எது தேயிலை, எது காடு, எது லயம் என்று தெரியாது. செய்மதி எடுத்த நிறப்படத்தில் அதெல்லாம் தெரியும், ஆனால் மலை தட்டையாகக் கிடக்கும். ஆகவே ஒன்றின் மேல் ஒன்றைப் போர்த்துகிறார்கள். மழைநாளில் தலையில் போடுகிற கம்பளியை ஒரு பாறாங்கல்லின் மேல் விரித்துப் பாருங்க. கல்லின் மேடு பள்ளமெல்லாம் கம்பளியில் தெரியும், கம்பளியின் கோடும் நிறமும் கல்லின் மேல் தெரியும். உயரக் கணக்குதான் கல். செய்மதிப் படம்தான் கம்பளி.

சும்மா போட்டால் சரிவராது. சாய்வான நிலத்தை மேலிருந்து படம் எடுக்கும்போது உச்சி ஒரு பக்கம் நகர்ந்து விழும், பள்ளம் ஒரு பக்கம் நகரும். அந்த நகர்வைத் திருத்துவதற்கே உயரக் கணக்கு வேண்டும். திருத்தாமல் போர்த்தினால் ரோட்டு மேட்டில் ஏறும், ஆறு மலைச் சரிவில் ஓடும். இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். கணினித் திரையில் மலையை அழகாகக் காட்டுவதற்காக உயரத்தை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இழுத்துவிடுவார்கள். விளம்பரப் படங்களில் வரும் கூரிய மலைகளில் பாதி அப்படி இழுத்ததுதான். பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

நகரங்களுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், இரண்டு உயரம் எடுக்கிறார்கள். ஒன்று கூரை, மர உச்சி எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு. மற்றது வெறும் தரை. மேற்பரப்பிலிருந்து தரையைக் கழித்தால் வருவது கட்டடத்தின் உயரம். மட்டமான ஊரில் இது லேசு. ஹற்றன் டவுன் மாதிரி இடத்தில் செய்து பாருங்க! ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு மாடி, பின்பக்கம் பள்ளத்தில் நின்று பார்த்தால் தூணோடு சேர்த்து நாலு மாடி. இதில் கட்டடத்தின் உயரம் எது என்று கேட்டால் கணினியும் தலையைச் சொறியும். மலை நாட்டில் இந்த வேலை கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

தலவாக்கலைக்காரர்கள் இருந்தால் இதைக் கேளுங்க. மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம் 2012இல் பாவனைக்கு வந்தது. விண்ணோடம் உயரம் அளந்தது 2000ஆம் ஆண்டு. அப்போது அங்கே ஆறும் பள்ளத்தாக்கும்தான். இன்றைய செய்மதிப் படத்தைப் பழைய உயரக் கணக்கின் மேல் அப்படியே போர்த்தினால் என்ன ஆகும்? மட்டமாக நிற்க வேண்டிய தண்ணி பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டு நிற்கும். படம் அழகாக இருக்கும், ஆனால் பொய். கல் ஒரு காலத்தது, கம்பளி வேறு காலத்தது. எந்த முப்பரிமாணப் படத்தைப் பார்த்தாலும் உயரம் எந்த ஆண்டு, படம் எந்த ஆண்டு என்று இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது கேள்வியும் ஒன்று உண்டு: கட்டம் எவ்வளவு பெரிது? விண்ணோடத்தின் கணக்கில் நிலம் முழுவதையும் 30 மீற்றருக்கு 30 மீற்றர் சதுரமாகப் பிரித்து, ஒரு சதுரத்துக்கு ஒரு உயரம் கொடுத்திருக்கிறார்கள். 30 மீற்றர் என்பது ஏறத்தாழ நூறு அடி. ஒரு சின்ன லயம் முழுசாக ஒரே கட்டத்துக்குள் போய்விடும். ஏழு பேர்ச்சஸ் காணி என்றால் ஒரு கட்டத்துக்குள் ஐந்து காணி அடங்கும். ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு உயரம்! அந்த ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி மண்ணை நேர்குத்தாக வெட்டி வைத்திருந்தால், அது அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மழைக்கு முதலில் இடிந்து விழுவது அந்த வெட்டுத்தான்.

மரம் இருக்கும் இடத்தில் இன்னொரு குழப்பம். அந்த றேடார் அலை அடர்ந்த இலைக்குள் புகுந்து தரையைத் தொடுவதில்லை. யூகலிப்டஸ் காட்டுக்கு மேலே அது அளந்தது தரையை அல்ல, பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியை. காடு முடிந்து தேயிலை மலை தொடங்கும் இடத்தில் படத்தில் திடீரென்று ஒரு செங்குத்து தெரியும். போய்ப் பார்த்தால் அங்கே செங்குத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. இதற்கு மருந்துதான் லைடார். விமானத்திலிருந்து லேசர் ஒளியைக் கோடிக்கணக்கான துளிகளாக மழை மாதிரி இறைக்கிறார்கள். கொஞ்சம் இலையில் படும், கொஞ்சம் கிளையில் படும், இடுக்கு வழியாகச் சில துளி தரையைத் தொட்டுத் திரும்பும். தரையைத் தொட்டதை மட்டும் பொறுக்கி எடுத்தால் மரமெல்லாம் உரித்த மாதிரி வெறும் நிலம் தெரியும். செலவு அதிகம். ஆனால் ஆள் குடியிருக்கும் மலைச் சரிவுக்கு அந்தச் செலவு செய்யத்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இனி நம்ம விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒரு அரசாங்க நிறுவனம் இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை விடுப்பவர்கள் அவர்கள்தான். 1980களின் பிற்பகுதியில் மலைநாட்டில் நடந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் ஐக்கிய நாடுகள் உதவியோடு நுவரெலியா, பதுளை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் மண்சரிவு அபாய வரைபடம் போடும் வேலையை ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற மலை மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. ஆறு விஷயத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அடியில் இருக்கும் பாறை, அதன் மேல் கிடக்கும் மண்ணின் கனம், தண்ணி ஓடும் வழி, நிலத்தை என்னத்துக்குப் பாவிக்கிறார்கள் என்பது, நில அமைப்பு, சரிவு. ஆறிலும் கூடுதல் பங்கு சரிவுக்குத்தான், நூற்றுக்கு 25. சரிவும் நில அமைப்பும் உயரக் கணக்கிலிருந்து வருகின்றன. நிலப் பாவனை மேலிருந்து எடுக்கும் படத்திலிருந்து வருகிறது. கல்லும் கம்பளியும் என்று சொன்னது இதைத்தான்.

செங்குத்து அதிகமாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் நின்று கேளுங்க. மொட்டைப் பாறையாக நேர்குத்தாக நிற்கும் இடத்தில் சரிவதற்கு மண்ணே இருக்காது. அதன் காலடியில், மலை கொஞ்சம் இளகி, மேடை மாதிரி இருக்கும் பாருங்க, அங்கேதான் மேலிருந்து காலகாலமாக உருண்டு வந்த கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கும். இறுகாத மண். அங்கே ஊற்றுத் தண்ணியும் வரும். மட்டமான இடம், பீலிக்குத் தண்ணி, பயிருக்கு நல்ல மண். யாருக்குத்தான் அங்கே வீடு கட்ட ஆசை வராது? ஆனால் அந்த மேடையே பழைய மண்சரிவு ஒன்று வந்து நின்ற இடமாக இருக்கலாம்.

கீழே நின்று பார்த்தால் அது தெரியாது. தேயிலை எல்லாவற்றையும் பச்சையாக மூடிவிட்டது. வெறும் செய்மதிப் படத்திலும் பச்சைதான். முப்பரிமாணத்தில் சாய்த்துப் பார்க்கும்போதுதான், மேலே மலை முகட்டில் மாட்டு லாடம் மாதிரி வளைந்த ஒரு பள்ளமும், அதற்கு நேர் கீழே நாக்கு நீட்டின மாதிரி ஒரு மேடும் கண்ணில் படும். அனுபவமுள்ள புவியியலாளர் அதைப் பார்த்த உடனே, "இங்கே முன்னொரு காலத்தில் மலை இறங்கியிருக்கிறது" என்று சொல்லிவிடுவார். அந்த நாக்கின் மேல் கூரைகள் தெரிந்தால் அங்கே யாரோ தூங்குகிறார்கள் என்று அர்த்தம். உயரக் கணக்கு மட்டும் இருந்தால் லாடம் தெரியும், கூரை தெரியாது. படம் மட்டும் இருந்தால் கூரை தெரியும், லாடம் தெரியாது.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. அங்கே சரிந்ததும் பழைய சரிவு மண் குவிந்த நிலம்தான். 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள் என்ற செய்தி பிறகு பத்திரிகைகளில் வந்தது. அதாவது, வரைபடம் வேலை செய்தது. மலையைப் பற்றித் தெரிந்திருந்தது. தெரிந்த விஷயம் காகிதத்திலிருந்து லயத்துக் காம்பராவுக்கு வந்து சேர்ந்து, "எழும்பிப் போங்க, இதோ போக வேறு இடம்" என்று ஆகவில்லை. இதைச் சொல்லும்போது எங்களுக்கும் தொண்டை அடைக்கிறது. செத்தவர்களை நினைத்து மட்டும் இல்லை; பெயர் மாற்றிப் பார்த்தால் அது எந்தத் தோட்டமாகவும் இருந்திருக்கலாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் எத்தனை இடத்தில் பிளந்தன என்று நீங்களே பார்த்தீர்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர் போனது. அந்த மாதிரி நேரத்தில் செய்மதி என்ன செய்யும் என்று ஒரு கேள்வி வரும். சாதாரணக் கமெரா உள்ள செய்மதி மேகத்துக்கு மேலே நின்று மேகத்தைத்தான் படம் எடுக்கும். மலைநாட்டில் மழைக்காலத்தில் மூடுபனி எப்படி என்று நமக்குச் சொல்லித் தரவேண்டுமா? முன்னால் போகிற ஆள் தெரியாது. ஆகவே மண் சரியும் நாளில் அந்தக் கண் குருடு. றேடார் செய்மதிக்கு மேகம் ஒரு தடை இல்லை; இரவும் தடை இல்லை. ஐரோப்பியர்கள் 2014இல் அனுப்பிய சென்ரினல்-1 அப்படிப்பட்டது. ஆனால் மலை செங்குத்தாக இருந்தால் றேடாருக்கும் மறைவு விழும். மலைக்கு அந்தப் பக்கம் அதற்குத் தெரியாது. அதோடு, செய்மதி நம்ம தலைக்கு மேலேயே நிற்பதில்லை. டிஷ் அன்ரெனாவுக்குப் படம் அனுப்புகிற செய்மதிதான் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். பூமியைப் படம் எடுப்பது சுற்றிச் சுற்றி வரும். சில நாளுக்கு ஒரு முறைதான் நம்ம பக்கம் எட்டிப் பார்க்கும். நடுச்சாமத்தில் மலை அசையும்போது அது எங்கேயோ கடலுக்கு மேலே இருக்கும்.

அந்த நடுச்சாமத்தில் விழித்திருப்பது நாம்தான். ஆகவே மழைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்க. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் அவதானம், மஞ்சள். 100 தாண்டினால் புறப்படத் தயார், செம்மஞ்சள். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும், சிவப்பு. நேர்ப்பக்கமுள்ள, அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு டின்னை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்தால், அடிக்கோல் பிடித்து நீங்களே பார்க்கலாம். 150 மில்லிமீற்றர் என்றால் 15 சென்ரிமீற்றர், பிள்ளைகளின் சின்ன அடிக்கோலின் முழு நீளம். பீலித் தண்ணி திடீரென்று கலங்கி வந்தாலோ, வழக்கமாக வரும் ஊற்று நின்று வேறு இடத்தில் கிளம்பினாலோ, நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு கண்டாலோ, நேராக நின்ற மரம் சாய்ந்தாலோ மஞ்சளா சிவப்பா என்று அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கான் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வட்டவளையில் ரயில் பாதையையே நகர்த்திய மண்சரிவு 1990களின் தொடக்கத்தில் நடந்தது. அதை அடக்கியது பெரிய மதில் இல்லை. மலைக்குள் தேங்கிய தண்ணியை வடித்து வெளியே எடுத்ததுதான். ஒரு மலையில் கான் எல்லாம் தூர்ந்து கிடக்கிறதா, தண்ணி எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது என்று எந்தச் செய்மதிக்கும் தெரியாது. கவ்வாத்து வெட்டப் போகிற அண்ணன்மாருக்கும், மழைக்குள் நின்று கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கும் தெரியும். அளக்க வருகிறவர்கள் தோட்டத்துக்கு வந்தால் அலுவலகத்தில் மட்டும் பேசிவிட்டுப் போக விடாதீங்க. கூட்டிக்கொண்டு போய் இந்தத் தண்ணியைக் காட்டுங்க. வீடு கட்டும் காணியென்றால் மண்சரிவு அபாய அறிக்கை எடுத்தாயிற்றா, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது, பின்பக்கம் எத்தனை அடி விட்டு வெட்டச் சொல்லியிருக்கிறது என்று கேளுங்க. கேட்பது நம்ம உரிமை. வரைபடத்தில் மலை முழுவதும் பச்சையாக இருந்தாலும், வீட்டுக்குப் பின்னால் நாமே வெட்டிய வெட்டு பச்சை ஆகாது என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்க.

இளைஞர்கள் கையில் இப்போது நல்ல போன் இருக்கிறது. கூகிள் ஏர்த் திறந்து, உங்கள் தோட்டத்தைத் தேடி, இரண்டு விரலால் மேலே தள்ளுங்க. படம் சாய்ந்து மலை எழும்பும். நம்ம லயத்துக்கு மேலே லாடப் பள்ளம் ஏதும் தெரிகிறதா என்று பாருங்க. தெரிந்தால் உடனே முடிவு கட்டி ஊரைக் கலக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தெரிந்தவர்களைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்க. லயம் இருக்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்க. 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கும்போது, "எந்த முகவரி?" என்று கேட்டால் நம்மில் பலருக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. கடிதம்கூட தோட்ட அலுவலகம் வழியாகத்தானே பல இடத்தில் வருகிறது. வீட்டுக்கு இலக்கமும் வீதிக்குப் பெயரும் இல்லாத இடத்தில் அந்த எண்தான் முகவரி.

அங்கே இன்னொன்றையும் கவனியுங்க. படத்தில் மலை இருக்கும், கூரை இருக்கும், பெயர் இருக்காது. இருந்தாலும் துரைமார் தங்கள் ஊரை நினைத்து வைத்த டன்கெல்ட், ஸ்ட்ராத்ஸ்பே, பல்மோரல் என்ற ஸ்கொட்லாந்துப் பெயர்தான் இருக்கும். நாம் பேச்சில் சொல்கிற மேல்கணக்கு, பணியக்கணக்கு, கோயில் லயம், பீலிக்கரை, இத்தனையாம் நம்பர் மலை ஒன்றும் அதில் கிடையாது. எச்சரிக்கை ஒரு பெயரில் வருகிறது, ஆட்கள் வேறு பெயரில் வாழ்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வானொலியில் வரும் பெயர் தன்னுடைய லயத்தைத்தான் சொல்கிறது என்று ஒரு பாட்டிக்கு விளங்க வேண்டுமே!

அதனால் ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறோம். பிள்ளை மடுவத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு லயமும் தன்னை என்ன பெயரில் சொல்கிறது, அலுவலகப் பேரேட்டில் என்ன பெயர், எத்தனை குடும்பம், படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா, மேலே எந்த மலை, எந்தப் பக்கம் ஊற்று, கான் எங்கே அடைத்திருக்கிறது என்று எழுதுங்க. எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லுங்க, பிள்ளைகள் எழுதும். கொப்பி நிறைந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதியும் பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுப்போம். பணியக்கணக்கு ஆட்கள் இன்றைக்கே எழுதிவிட்டுப் போகலாம், பேனா மேசையில் இருக்கிறது. மேல்கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமை நாங்களே கொண்டு வருகிறோம்.